முகமூடி போட்ட டிஃபெண்டர்

கால்பந்தில் பேர் வாங்குவது யார் என்று கேட்டால் பதில் சுலபம். கோல் போட்டவர் முதலில். அவருக்குப் பந்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் இரண்டாவது. பெனால்டியைப் பாய்ந்து தடுத்த கோல்கீப்பர் மூன்றாவது. டிஃபெண்டர்? அவர் தொண்ணூறு நிமிடமும் ஒழுங்காக வேலை பார்த்தால் வர்ணனையாளர் வாயில் அவர் பெயரே வராது. ஒரே ஒரு தடவை கால் இடறினால் போதும், மறுநாள் பேப்பரில் அவர் படம்தான். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் கேட்ச் பிடித்தால் பௌலருக்குப் பேர், விட்டால் கீப்பருக்குத் திட்டு இல்லையா? அதே கதைதான்.

அப்படிப்பட்ட இடத்தில் ஆடிய ஒருவர் 2002 முதல் 2006 வரை ஜப்பானின் மிகப் பிரபலமான முகங்களில் ஒன்றாக இருந்தார். வேடிக்கை என்னவென்றால், அவர் பிரபலமான நாட்களில் அந்த முகத்தில் பாதி வெளியே தெரியவில்லை! கறுப்பு முகமூடிக்குப் பின்னால் இருந்தது.

அவர் பெயர் சுனேயாசு மியாமோட்டோ. வெளிநாட்டுப் பத்திரிகைகள் 'பேட்மேன்' என்று எழுதின. ஜப்பானிய ரசிகைகள் 'சுனே-சாமா' என்று அழைத்தார்கள். ஜப்பானில் சாதாரணமாகப் பெயரோடு 'சான்' சேர்ப்பார்கள். 'சாமா' அதைவிட உயர்ந்த மரியாதை, கடவுளுக்கும் எஜமானருக்கும் சேர்ப்பது. (நம்ம 'சாமி' மாதிரியே இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை :-))

முகத்துக்காகக் கொண்டாடப்பட்டாரா, ஆட்டத்துக்காகக் கொண்டாடப்பட்டாரா? இந்தக் கேள்வி அவர் ஆடிய காலம் முழுக்க அவரை விடவில்லை. பதில் தேட வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சுவரை யார் காதலிப்பார்கள்?

ஜப்பானின் தொழில்முறை லீக்கான ஜே லீக்கின் முதல் ஆட்டம் 1993 மே 15 அன்று நடந்தது. அதற்கு முன்னால் அங்கே பெரும்பாலும் கம்பெனி அணிகள்தான். பின்னால் மியாமோட்டோ ஆடிய காம்பா ஒசாகாவே மட்சுஷிட்டா, அதாவது பானாசோனிக் கம்பெனியின் அணியாக இருந்ததுதான்.

லீக் தொடங்கிய அதே ஆண்டு அக்டோபர் 28 அன்று கத்தாரின் தோஹா நகரில் ஜப்பான் ஈராக்கோடு மோதியது. 2-1 என முன்னிலை. இன்னும் சில நொடிகள் தாண்டினால் முதல் முறையாக உலகக் கோப்பைக்குப் போகலாம். அப்போது ஒரு கார்னர், ஒரு தலையடி, 2-2. எல்லாம் போச்சு. ஜப்பானில் இன்றும் இதை 'தோஹா துயரம்' என்றுதான் சொல்கிறார்கள்.

நான்கு வருடம் கழித்துத் தகுதி பெற்று 1998-ல் பிரான்ஸுக்குப் போனார்கள். மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி. அந்த அணியின் கேப்டன் மசாமி இஹாரா, ஒரு டிஃபெண்டர். ஜப்பானுக்காக 122 ஆட்டங்கள் ஆடியவர். அவருக்கு 'ஆசியாவின் சுவர்' என்று பட்டமே உண்டு. ஆனால் பாருங்கள், சுவரை மதிப்பார்கள், யாரும் சுவரைக் காதலிக்க மாட்டார்கள். போஸ்டரில் இருந்தவர்கள் கசுயோஷி மியுராவும் ஹிடெட்டோஷி நகாட்டாவும். ஒருவர் ஃபார்வர்டு, இன்னொருவர் மிட்ஃபீல்டர்.

படித்துக்கொண்டே ஆடியவர்

மியாமோட்டோ பிறந்தது 1977 பிப்ரவரி 7, ஒசாகா மாகாணத்தின் தொண்டபயாஷி ஊரில். அந்தக் காலத்து ஜப்பானில் கால்பந்து வீரராக வேண்டுமானால் பேர்போன ஒரு பள்ளி அணியில் சேர்ந்து அகில இந்திய அளவு மாதிரி அங்கே நடக்கும் தேசியப் பள்ளிப் போட்டியில் ஜொலிக்க வேண்டும். மியாமோட்டோ அந்த வழியில் வரவில்லை. சாதாரணமாக ஒரு அரசுப் பள்ளியில் படித்துக்கொண்டே, காம்பா ஒசாகா கிளப்பின் இளைஞர் அணியில் பயிற்சி எடுத்தார். 1995-ல் அந்தக் கிளப்பின் முதன்மை அணிக்கு வந்தார். வந்த பிறகும் படிப்பை விடவில்லை. கியோட்டோவின் தோஷிஷா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துப் பட்டம் வாங்கினார்.

1993-ல் ஜப்பானில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் ஆடிய அணியில் இருந்தார். 1997-ல் மலேசியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் கேப்டன். இரண்டிலும் ஜப்பான் கால் இறுதி வரை போனது. 2000 சிட்னி ஒலிம்பிக் அணியிலும் இடம் உண்டு.

ஆனால் ஒரு குறை. உயரம் 176 சென்டிமீட்டர். நம் கண்ணுக்கு உயரமாகத் தெரியலாம். நடுத் தடுப்பில் நிற்பவருக்கு இது குறைவு. எதிரே வரும் ஐரோப்பிய ஃபார்வர்டுகள் 185, 190 என்று இருப்பார்கள். தலையடியில் ஜெயிக்க முடியாது, முட்டி மோதவும் முடியாது. அப்படியானால் இவர் எதை வைத்துத் தடுத்தார்?

வாயை வைத்து!

இது கிண்டல் இல்லை. அப்போது ஜப்பானின் பயிற்சியாளர் பிரான்ஸ் நாட்டுக்காரரான ஃபிலிப் ட்ரூசியே. அவருடைய முறைக்கு 'ஃப்ளாட் த்ரீ' என்று பெயர். மூன்று டிஃபெண்டர்கள் ஒரே நேர்கோட்டில் நிற்பார்கள். மூவரின் இடுப்பிலும் ஒரே கயிறு கட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரணி பந்தை முன்னால் அனுப்பப் போகிற நொடியில் மூவரும் ஒன்றாக மேலே ஏற வேண்டும். சரியாக ஏறினால் எதிரணி ஃபார்வர்டு ஆஃப்சைடு. ஒருவர் அரை நொடி தாமதித்தால் ஃபார்வர்டும் கோல்கீப்பரும் தனியாக நேருக்கு நேர். இந்த முறையில் எப்போது ஏறுவது, எப்போது இறங்குவது என்று நடுவில் நிற்பவர் கத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டத்தை முன்கூட்டியே படிக்கத் தெரிய வேண்டும், அதைச் சக வீரர்களுக்குச் சொல்லவும் தெரிய வேண்டும். மியாமோட்டோவின் சொத்து இதுதான்.

அப்படியிருந்தும் 2002 உலகக் கோப்பைக்கு முதல் தேர்வு அவர் இல்லை. நடு இடம் ரியூசோ மோரியோகாவுக்கு. மியாமோட்டோ பெஞ்சில்.

மூக்கு உடைந்த நேரம்

2002 உலகக் கோப்பையை ஜப்பானும் தென் கொரியாவும் சேர்ந்து நடத்தின. போட்டி தொடங்கச் சில நாட்கள் இருக்கும்போது ஒரு கல்லூரி அணியுடன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் மியாமோட்டோவுக்கு மூக்கெலும்பு முறிந்தது. வேறு யாராக இருந்தாலும் ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள். இவர் முகக் கவசம் போட்டுக்கொண்டு அணியிலேயே இருந்தார்.

ஜூன் 4, சைத்தாமா மைதானம். பெல்ஜியத்துடன் முதல் ஆட்டம். ஜப்பான் 2-1 என்று முன்னிலையில் இருந்தபோது, 71-வது நிமிடத்தில் மோரியோகா காயத்தால் வெளியேறினார். கறுப்பு முகமூடியோடு மியாமோட்டோ உள்ளே ஓடினார். நான்கே நிமிடத்தில் பெல்ஜியம் ஜப்பானின் தடுப்புக் கோட்டைத் தாண்டி வந்து கோல் போட்டது. 2-2. ஆட்டம் டிரா.

நாடே பார்த்துக்கொண்டிருக்கும்போது வந்த நாலாவது நிமிடத்திலேயே கோல் வாங்கினால் எப்படி இருக்கும்? மோரியோகா அதன்பின் அந்தப் போட்டியில் ஆடவே இல்லை. இனி நடு இடம் இவருக்குத்தான், வேறு வழி கிடையாது.

அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் தடுப்பாட்டக்காரர்கள் தங்களுக்குள் உட்கார்ந்து பேசினார்கள். பயிற்சியாளர் சொன்னபடி எப்போதும் மேலேயே நிற்காமல், ஆபத்து தெரிந்தால் கொஞ்சம் பின்வாங்கி நிற்பது என்று முடிவு செய்தார்கள். பின்னாளில் வீரர்களே இதைச் சொல்லியிருக்கிறார்கள். வலது பக்கம் நவோக்கி மட்சுடா, இடது பக்கம் கோஜி நகாட்டா, நடுவில் மியாமோட்டோ.

ஜூன் 9, யோகோஹாமா. இனாமோட்டோவின் கோலால் ரஷ்யாவை 1-0 என்று ஜெயித்தது ஜப்பான். உலகக் கோப்பையில் அந்த நாட்டின் முதல் வெற்றி. டோக்கியோ வட்டாரத்தில் அந்த ஒளிபரப்பின் பார்வையாளர் விகிதம் 66.1 சதவீதம்! ஜூன் 14 அன்று மியாமோட்டோவின் சொந்த மாகாணமான ஒசாகாவிலேயே துனிசியாவை 2-0 என்று ஜெயித்து அடுத்த சுற்றுக்குப் போனார்கள். ஜூன் 18 அன்று மியாகியில் கொட்டும் மழையில் துருக்கியிடம் 0-1 என்று தோற்றார்கள்.

மியாமோட்டோ ஆரம்பத்திலிருந்து ஆடிய மூன்று ஆட்டங்களிலும் சேர்த்து ஜப்பான் வாங்கிய கோல் ஒன்றே ஒன்று. அதுவும் கார்னரில் வந்த தலையடி. பெஞ்சில் இருந்தவர், மூக்கு உடைந்தவர், உயரம் போதாதவர் கணக்கு இது.

சுனே-சாமா

ஆனால் புகழ் இந்தக் கணக்கைப் பார்த்து வரவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். அந்த ஜூன் மாதம் ஜப்பானில் வீசியது வேறு காற்று. இங்கிலாந்தின் டேவிட் பெக்காம் போன இடமெல்லாம் கூட்டம். பையன்கள் அவர் மாதிரியே முடி வெட்டிக்கொண்டார்கள். தங்கள் அணியை வெளியேற்றிய துருக்கி அணியின் இல்ஹான் மன்சிஸுக்கே ஜப்பானில் ஏராளமான ரசிகைகள். அதுவரை கால்பந்து பார்க்காதவர்கள் பார்க்கத் தொடங்கிய நேரம். இப்படித் திடீரென்று முளைத்த ரசிகர்களை 'நிவாகா' என்று பழைய ரசிகர்கள் கேலி செய்தார்கள். நிவாகா என்றால் திடீர் என்றுதான் அர்த்தம். நம்ம ஊர் மழைக்காளான் மாதிரி.

அந்த அலையில் உள்ளூர்க்காரர்களில் முன்னால் வந்து நின்றவர் மியாமோட்டோ. முகமூடி ஒரு காரணம். இருபத்திரண்டு பேர் ஓடும் மைதானத்தில் கால்பந்து தெரியாதவர் கூட 'அதோ அவர்' என்று கை காட்டலாம். முகமூடியைக் கழற்றினால் உள்ளே சினிமா நடிகர் மாதிரி முகம். பட்டதாரி, நிதானமாகப் பேசுபவர். வேறென்ன வேண்டும்?

இந்த மாதிரிப் புகழுக்கு என்ன ஆகும் என்பதற்கு இல்ஹானே உதாரணம். அவருடைய செல்வாக்கை நம்பி 2004-ல் விஸ்ஸல் கோபே கிளப் அவரை வாங்கியது. காயத்தோடு வந்தவர் மிகச் சில ஆட்டங்களே ஆடிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். மியாமோட்டோவையும் பலர் அந்தக் கணக்கில்தான் வைத்தார்கள். முகத்துக்கு வந்த பேர், நாலு நாளில் போய்விடும் என்று.

சோங்சிங்கில் ஒரு பேச்சு

2002-க்குப் பிறகு பயிற்சியாளராக வந்தவர் பிரேசிலின் ஜீக்கோ. அவர் காலத்தில் மியாமோட்டோ ஜப்பானின் கேப்டன் ஆனார். 2004 ஆசியக் கோப்பை சீனாவில் நடந்தது. ஜப்பானின் ஆட்டங்கள் சோங்சிங் நகரில். இரண்டாம் சீன-ஜப்பானியப் போரில், 1938-லிருந்து 1943 வரை, ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற நகரம் அது. அந்த நினைவு அங்கே ஆறவில்லை. ஜப்பானின் தேசிய கீதம் ஒலித்தபோதெல்லாம் அரங்கம் ஊளையிட்டது. தன் நாட்டில் எவ்வளவு பெரிய 'சாமா'வாக இருந்தாலும் அங்கே அது செல்லாக்காசு.

ஜூலை 31, கால் இறுதி. எதிரே ஜோர்டான். 1-1 என்று முடிந்து பெனால்டிக்குப் போனது. ஜப்பானின் முதல் உதை ஷுன்சுகே நகாமுரா. ஊன்றிய கால் வழுக்கிப் பந்து மேலே பறந்தது. ஜோர்டான் அடித்தது, கோல். ஜப்பானின் இரண்டாவது உதை சான்டோஸ். அவருக்கும் அதே கதி. இருவரும் இடது காலால் உதைப்பவர்கள், இருவரும் ஊன்றிய இடத்தில் புல் பெயர்ந்துவிட்டது.

அப்போது மியாமோட்டோ நேராக மலேசிய நடுவர் சுப்கிதீன் முகமது சாலேயிடம் நடந்து போனார். மொழிபெயர்ப்பாளர் இல்லை, ஆர்ப்பாட்டமும் இல்லை. ஆங்கிலத்திலேயே பேசினார். தரை சரியில்லை, இப்படி உதைப்பது நியாயமான போட்டி ஆகாது, எதிர்ப்பக்க கோலுக்கு மாற்றுங்கள் என்பதுதான் சாரம். நடுவர் ஒப்புக்கொண்டார்! நடுவில் பக்கம் மாற்றுவது அபூர்வத்திலும் அபூர்வம்.

ஜோர்டான்காரர்கள் கொதித்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. அதே தரையில் அவர்கள் ஆள் கோல் அடித்திருக்கிறாரே! இன்றைய விதிப்படியும் தரையோ கோல் கம்பமோ பயன்படுத்த முடியாமல் போனால், அல்லது பாதுகாப்புக் காரணம் இருந்தால் மட்டுமே பக்கம் மாற்றலாம். அன்று தரை அவ்வளவு மோசமா என்று இன்றைக்கும் வாதாடலாம்.

பக்கம் மாறியதும் ஜப்பான் உடனே ஜெயித்துவிடவில்லை. ஜோர்டான் அடுத்த இரண்டையும் போட்டு 3-1 என்று போனது. அதன்பின் மூன்று தடவை, இன்னும் ஒரே ஒரு கோல் அடித்தால் வெற்றி என்ற நிலையில் ஜோர்டான் வீரர்கள் வந்து நின்றார்கள். மூன்று தடவையும் நடக்கவில்லை. கோல்கீப்பர் யோஷிகட்சு கவகுச்சி அன்று எமன் மாதிரி நின்றார். ஏழாவது உதைக்கு ஜப்பான் தரப்பில் வந்தவர் மியாமோட்டோவே. கோல். ஜோர்டானின் ஏழாவது தவறியது. 4-3.

அரை இறுதியில் பஹ்ரைனைக் கூடுதல் நேரத்தில் 4-3 என்று தாண்டி, ஆகஸ்ட் 7 அன்று பெய்ஜிங்கில் சீனாவையே 3-1 என்று தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கினார்கள். தூக்கிய கேப்டன் மியாமோட்டோ.

நடுவரிடம் அவர் பேசிய அந்த நிமிடத்தில் முகமும் இல்லை, முகமூடியும் இல்லை, ரசிகைகளும் இல்லை. ஃப்ளாட் த்ரீயில் சக வீரர்களை நகர்த்திய அதே வாய்தான் இருந்தது. என்னைக் கேட்டால் அவர் ஆட்டவாழ்வின் சாரம் இதுதான்.

ஏற்றிய கைகளே இறக்கின

2005 ஜூனில், 2006 உலகக் கோப்பைக்கு முதலில் தகுதி பெற்ற நாடு ஜப்பான். அதே ஆண்டு டிசம்பரில் காம்பா ஒசாகா முதல் முறையாக ஜே லீக்கை வென்றது. உச்சம் என்றால் அதுதான் உச்சம்.

2006 ஜூன் 12, ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்ன். ஆஸ்திரேலியாவுடன் 84-வது நிமிடம் வரை 1-0 முன்னிலை. ஆட்டம் முடியும்போது 1-3. ஆறு நாள் கழித்து குரோஷியாவுடன் மியாமோட்டோ செய்த ஃபௌலுக்கு பெனால்டி. கவகுச்சி அதைத் தடுத்ததால் 0-0 என்று தப்பித்தார்கள். ஆனால் மியாமோட்டோவுக்கு அது இரண்டாவது மஞ்சள் அட்டை. பிரேசிலுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் கேப்டன் ஆட முடியவில்லை. ஜப்பான் 1-4 என்று தோற்று வீடு திரும்பியது. ஜப்பானுக்காக அவர் ஆடிய ஆட்டங்கள் 71-ஓடு முடிந்தன.

உயரம் போதாது, வேகம் போதாது, முகம்தான் இருந்தது என்று 2002-ல் மெல்லப் பேசியதை இப்போது சத்தமாகப் பேசினார்கள். 176 சென்டிமீட்டர் 2002-லும் 176-தான், ஆனால் ஜெயிக்கும்போது யாரும் அளந்து பார்ப்பதில்லை.

அப்புறம்

பொதுவாக இத்தோடு கதை முடிந்துவிடும். இவர் கதை முடியவில்லை. 2007-ல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் கிளப்புக்குப் போய் அந்தப் பருவத்தின் லீக் பட்டத்தில் பங்கு பெற்றார். 2009-ல் விஸ்ஸல் கோபேவுக்குத் திரும்பினார். 2011-ல் ஓய்வு.

அதே 2011 ஆகஸ்டில் அவருடைய பழைய கூட்டாளி மட்சுடா பயிற்சியின்போது மயங்கி விழுந்து, இரண்டு நாளில், 34 வயதில் இறந்துபோனார். முரட்டு ஆட்டக்காரர், கோபக்காரர், 'சாமா' வகை இல்லை. ஆனால் பதினாறு வருடம் அவர் ஆடிய யோகோஹாமா கிளப் அவருடைய 3-ம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று வைத்துவிட்டது. டிஃபெண்டருக்குக் கிடைக்கும் புகழில் இது ஒரு வகை.

மியாமோட்டோவுக்குக் கிடைத்தது வேறு வகை. ஓய்வுக்குப் பிறகு அவர் மறுபடியும் மாணவர் ஆனார். இங்கிலாந்து, இத்தாலி, சுவிட்சர்லாந்து என்று மூன்று நாடுகளில் நடக்கும் 'ஃபிஃபா மாஸ்டர்' படிப்பை 2013-ல் முடித்தார். அங்கே சக மாணவர்களோடு எடுத்துக்கொண்ட திட்டம் போஸ்னியாவின் மோஸ்டர் நகரம் பற்றியது. 1990-களின் போரில் இரண்டாகப் பிளந்து, பேர்போன பழைய பாலமும் 1993-ல் இடிக்கப்பட்ட ஊர். இரு தரப்புக் குழந்தைகளும் சேர்ந்து விளையாட ஒரு விளையாட்டுப் பள்ளி வேண்டும் என்பது யோசனை. படிப்போடு நிற்காமல் 2016-ல் அந்தப் பள்ளி நிஜமாகவே திறக்கப்பட்டது. பெயர் 'மாலி மோஸ்ட்'. சின்னப் பாலம் என்று அர்த்தம்.

பிறகு 2018 முதல் 2021 வரை காம்பா ஒசாகாவின் பயிற்சியாளர். 2020-ல் லீக்கில் இரண்டாம் இடம், அடுத்த ஆண்டு மே மாதமே பதவி நீக்கம். 2024 மார்ச்சில், 47 வயதில், ஜப்பான் கால்பந்து சங்கத்தின் தலைவரானார். உலகக் கோப்பையில் ஆடிய ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுவே முதல் முறை. ஜே லீக்கில் ஆடிய ஒருவர் தலைவரானதும் அதுவே முதல் முறை.

இப்போது ஆரம்பக் கேள்விக்கு வருவோம். முகத்துக்கு வந்த புகழா, ஆட்டத்துக்கு வந்த புகழா? வந்தது முகத்துக்குத்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்தத் திடீர் ரசிகைகளைக் கேலி செய்த நிபுணர்களை விட அவர்கள் ஒன்றும் பெரிதாகத் தப்புப் பண்ணிவிடவில்லை என்றே தோன்றுகிறது. நிபுணர்கள் அவருடைய உயரத்தைப் பார்த்தார்கள், ரசிகைகள் முகத்தைப் பார்த்தார்கள். இரண்டு தரப்புமே அவருடைய உண்மையான பலத்தைப் பார்க்கவில்லை, ஏனென்றால் அது பார்க்கிற விஷயமே இல்லை. காதால் கேட்க வேண்டியது. அறுபதாயிரம் பேர் கத்தும் அரங்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு டிஃபெண்டர்களுக்கு மட்டும்தான் அது கேட்டிருக்கும்.

அடுத்த முறை கால்பந்து பார்க்கும்போது பந்து போகிற பக்கம் மட்டும் பார்க்காமல், பின்னால் நின்று கையை நீட்டி வாயைத் திறந்து யாரையோ அதட்டிக்கொண்டிருக்கும் ஆளையும் கொஞ்சம் பாருங்கள். கோல் விழாததற்கு அவர்தான் காரணமாக இருப்பார்.